கட்டைவிரலை எடுத்த பிறகு

"பிடிச்சிருக்கிற வரைக்கும் எரியுதுக்கா,
விட்டா செத்துடுது" என்றார் பூவராகன்.
காலாங் பாரு தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
ஹோட்டல் துண்டுகள் இடுப்புயரம் குவிந்து
ஈரமாய் நாறிக்கொண்டிருந்தன.

கொதிகலனுக்கு என்னைவிட மூன்று வயது கூட.
செய்த கம்பெனி எந்த நாடு என்பதே
மடாம் கோவுக்கு ஞாபகமில்லை.
"புதுசு வாங்கினா கடையை மூடணும்" என்று
குரல்செய்தி அனுப்பியிருந்தார்,
நடுவில் இருமல்.

முதலில் வாயுவை அடைத்தேன்.
ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னேன்.
நிற்பதுதான் இந்த வேலையில் பாதி,
அதற்கு யாரும் பணம் தருவதில்லை.

மூடியைக் கழற்றினால் பஞ்சு.
பத்து வருடத் துண்டுகள் உதிர்த்த சாம்பல் பஞ்சு,
பூனை படுத்து எழுந்த மாதிரி ஒரு குழியோடு.
குழிக்குள் ஒரு கரப்பான், உலர்ந்து, மீசை கலையாமல்.
பைலட் முனையின் துளை அடைத்திருந்தது.
ஊதினேன். கம்பி விடவில்லை:
துளை ஒரு மயிரளவு பெருத்தாலும்
சுடர் பொய் சொல்லத் தொடங்கும்.

குமிழை அழுத்தி, பொறி தட்டி,
"லைட்டை அணைங்க" என்றேன்.
நம் குழாயில் வரும் வாயுவுக்கு நிறம் கம்மி.
இருட்டில்தான் நம்பலாம்.
இருந்தது, நீலமாய், நகக்கண் அளவு.
முப்பது எண்ணிவிட்டு விரலை எடுத்தேன்.
டக்.
நாம் பேசி முடிக்குமுன்
எதிர்முனையில் ஃபோனை வைக்கிற சத்தம்.

"இந்தச் செப்புக் குச்சி சூடானாத்தான்
உள்ளே கதவு திறந்து நிற்கும்" என்று காட்டினேன்.
"சுடர் போச்சுன்னா இதுவே மூடிடும்.
சந்தேகப்படுறதுதான் இதுக்குச் சம்பளம்."
அப்போதுதான் பார்த்தேன்,
குமிழுக்குப் பக்கத்தில் தொங்கும் ஒட்டுநாடா,
முனை கிழியாத புதுச் சுருள்.
"யார் கட்டினது?"
"கட்டச் சொன்னாங்க. நான் கட்டலை.
கையாலயே பிடிச்சுக்கிட்டேன்."

பழைய வால்வு இது.
விரல் அழுத்தியிருந்தாலும் பெரிய அடுப்பு எரியும்.
இப்போது வருகிறவை அப்படி விடாது.
பதினோரு இரவு, இரவுக்கு நான்கு முறை,
முறைக்கு இருபது நிமிடம்.
முக்காலியில் உட்கார்ந்து வலது கையால் நெருப்பு,
இடது கையில் ஃபோர்க்லிஃப்ட் தேர்வுக் கேள்விகள்.
போன வாரம் பெர்மிட் புதுப்பிக்கப் போனபோது
கைரேகைப் பெட்டி அவர் கட்டைவிரலை ஏற்கவில்லையாம்.
"தொடைச்சிட்டு வை, தொடைச்சிட்டு வைன்னு
மூணு தடவைக்கா."
சிரித்தார். விரலைக் காட்டினார்.
குமிழின் பல் பதிந்திருந்தது.

மீட்டர் வைத்தேன். பழைய குச்சி ஆறு மில்லிவோல்ட்.
தாங்கியும் வளைந்து, சுடருக்கு வெளியே
மரியாதையாய் ஒதுங்கி நின்றது.
தாங்கியை நிமிர்த்தினேன். பையிலிருந்த புதுசைப் பூட்டினேன்.
இருபத்தேழு.
மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி
குமிழி வருகிறதா என்று பார்த்தோம், இருவரும் குனிந்து.
வரவில்லை.

முப்பது எண்ணி விரலை எடுத்தேன்.
நீலம் அங்கேயே.
அவர் கை தானாகப் போய்க் குமிழில் உட்கார்ந்தது.
"எடுங்க."
எடுத்தார்.
எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பில்லில் எழுதினேன்: குச்சி ஒன்று, முப்பத்தெட்டு வெள்ளி.
அடியில் பெரிய எழுத்தில்:
குமிழைக் கட்டக் கூடாது.
பதினோரு இரவை எழுத அதில் கட்டமில்லை.

லிஃப்ட் வருவதற்குள் ஓடி வந்தார்.
பணத்துக்கென்று நினைத்தேன்.
"அக்கா, ஒரு கேள்வி மட்டும் நிக்க மாட்டேங்குது.
சுமையோட சரிவுல இறங்கும்போது
வண்டி முன்னாலயா, பின்னாலயா?"
தெரியாது என்றேன்.
கதவு மூடும்போது
உள்ளே பெரிய அடுப்பு பற்றிக்கொள்ளும் ஓசை.
அவர் திரும்பிப் பார்த்தார்,
யார் பிடித்திருக்கிறார்கள் என்று.