கடவை

சோஸ்ட் நகரத்து மேற்கு எல்லையில்
ஒரு றெயில் கடவை இருக்கிறது.
சிவப்பு விளக்கு எரிந்தால் நாலு நிமிஷம்,
சரக்கு வண்டி என்றால் ஏழு.

மார்கழியில் எனக்கு
நாளுக்கு நூற்றெண்பது பொதிகள்.
கையில் கட்டிய கருவி
ஒவ்வொரு வாசலுக்கும் நொடி எண்ணும்.
பிந்தினால் கடன்காரன் மாதிரிச் சிணுங்கும்.

வீட்டில் ஜசிந்தா பணியாரத்துக்குப் பயறு வறுக்கிறாள்.
கேக்குக்கு ரவை போதாது, கஜு போதாது.
மூத்தவனைக் கரோல் பயிற்சிக்கு
டோட்முண்ட் வரை ஏற்றி இறக்க வேண்டும்.
நத்தார் வருகிறது, வருகிறது என்று
எல்லோரும் ஓடுகிறோம்,
அது ஏதோ எங்களைத் துரத்துவது போல.

திருவருகைக் காலத்தில்
தினமும் கால்மணி நேரம் சும்மா இருங்கள்
என்றார் சுவாமி, மாதத்துக்கொரு தமிழ்ப் பூசையில்.
தலையாட்டினோம்.
வெளியே வந்து, கார்கள் நிற்கும் இடத்தில்,
எந்தக் கடையில் பட்டுச்சேலை மலிவென்று
அரைமணி நேரம் கதைத்தோம்.

நானும் முயன்று பார்த்தேன்.
காலை நாலரை. மடியில் வேதாகமம்.
சக்கரியாஸ் ஊமையான இடத்தில்
நானும் ஊமையாகி
ஆறு மணிவரை குறட்டை.
இரவில் முழங்காலில் நின்றேன்.
நூற்றெண்பது அழைப்புமணிகள்
காதுக்குள் வரிசையாக அடித்தன.

கடவையை முதல் நாள் வைதேன்.
அடுத்த நாள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன்.
மூன்றாம் நாள்தான் அந்தப் பலகையை வாசித்தேன்.
இரண்டு வருஷமாகத் தாண்டிப் போகிறேன்,
வாசித்ததில்லை:
தடை மூடியிருக்கையில்
எஞ்சினை நிறுத்தவும்.

நிறுத்தினேன்.

முதலில் குளிர் வந்தது.
பிறகு, கண்ணாடியில் மழை உருளும் சத்தம்.
தூரத்தில் பச்சைக் கல் கோயில்
நனைந்து இன்னும் பச்சையாக நின்றது.
செபம் ஒன்றும் வரவில்லை.
சூசையப்பர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.
நற்செய்தி முழுக்க ஒரு வார்த்தை பேசாத மனுஷன்.
பெயர் பதிய வரிசையில் நின்றிருப்பார்.
(நானும் நின்றேன், முகாமில்;
என் பெயரை மூன்று தரம் எழுதி
மூன்று தரமும் பிழையாக எழுதினார்கள்.)
பிறகு கதவு கதவாகத் தட்டியிருப்பார்.
அந்த ஒன்றில் மட்டும்
அவருக்கும் எனக்கும் ஒரே தொழில்.

கடவைக்கு அப்பால் முதல் வீடு
ஹோல்ஷர் அம்மாவுடையது. எப்போதும் பூட்டு.
நான் அட்டை எழுதிச் செருகுவேன்:
வந்தோம். நீங்கள் வீட்டில் இல்லை.
நேரம், திகதி, கையெழுத்து.
அன்றைக்குப் பேனை பாதியில் நின்றது.
இதே அட்டை
என் கதவிடுக்கில் எத்தனை கிடக்கும்?
எத்தனை வருஷத்துத் திகதியோடு?
யாருடைய கையெழுத்தில்?

அதற்குப் பிறகு கடவைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.
சிவப்பைக் கண்டால் ஒரு சந்தோஷம்.
ஜசிந்தாவிடம் சொல்லவில்லை.
சொன்னால், அந்த நாலு நிமிஷத்தில்
ஒரு போன் எடுத்திருக்கலாமே என்பாள்.
நியாயம்தான்.

இன்று இருபத்துமூன்று.
இருநூற்றுப் பதினொரு பொதிகள்.
கடவை திறந்து கிடக்கிறது.
தண்டவாளம் இரு பக்கமும் வெறுமை.
பச்சையாய் வழி கிடைத்ததற்கு
இப்படி முகம் சுருங்கிய சாரதி
இந்த ஊரில் வேறு யாரும் இருக்கமாட்டான்.
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

தாண்டிப் போய்,
பீட்ரூட் வயல் ஓரம் ஒதுக்கினேன்.
ஒரு றெயிலும் வரவில்லை. ஒருவரும் மறிக்கவில்லை.
எஞ்சினை நிறுத்தினேன்.
கருவி சிணுங்கியது. கழற்றி ஆசனத்துக்கடியில் போட்டேன்.
இருக்கிறேன் என்றேன்,
யாரோ வாசலில் கேட்டது மாதிரி.

பின்னால், வானின் இருட்டுக்குள்,
எந்தப் பிள்ளைக்கோ போகும் ஒரு பொம்மை
பெட்டிக்குள் விழித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அழுதது.