மயிரிழையில் பாதி

புதுவயல் எடைமேடையில் சீட்டுப் போடும் சேவுகன்
மூன்றாவது முறையாக வந்திருக்கிறார்.
சட்டைக் காலரில் தவிட்டுப் பொடி.
"மறுபடி ஆடுது டாக்டர்" என்றார்
தப்பு தன்னுடையதுபோல.

கீழ்த்தாடை, வலப்பக்கம்.
முன்னால் அவருடைய சொந்தப் பல்.
பின்னால் நான் பதித்த டைட்டானியம்.
நடுவில், வேரே இல்லாமல்
இரண்டையும் பிடித்துத் தொங்கும் ஒரு பல்.
மூன்றும் சேர்ந்து ஒரு பாலம்.

மகளை நர்சிங்கில் சேர்த்த வருஷம் அது.
ஒன்றுக்குத்தான் காசு இருந்தது.
இரண்டு பதிக்கணும் என்று சொல்ல வாயெடுத்து
ஒன்று போதும் என்றேன்.
தேவகோட்டை லேபிலிருந்து பரக்கத் கூப்பிட்டார்:
"ஒண்ணு நார்ல நிக்குது, ஒண்ணு எலும்புல நிக்குது.
ஒரே வார்ப்பாவா ஊத்தச் சொல்றீங்க?"
ஊத்துங்க என்றேன்.
வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சொந்தப் பல் எலும்பைத் தொடுவதேயில்லை.
இடையில் ஒரு நார்ப்படுகை.
கடித்தால் மயிரிழையில் பாதி அமுங்கும்,
விட்டால் எழும்பும்.
சோற்றில் கல் இருந்தால்
நாக்குக்கு முன்னால் அதுதான் கத்தும்.
டைட்டானியம்
எலும்போடு எலும்பாக உறைந்துபோனது.
அமுங்காது.
கத்தவும் கத்தாது.

இரண்டையும் சேர்த்துப் பூட்டினால்
ஒவ்வொரு கவளத்துக்கும்
முன்கால் இறங்கும், பின்கால் இறங்காது.
பாலம் நெம்புகோலாகிவிடும்.
அத்தனை பாரமும் போய்ச் சேருவது
திருகின் கழுத்துக்கும்
அதைக் கவ்விய எலும்பின் விளிம்புக்கும்.

பரீட்சையில் இதை
படம் போட்டு எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்ரேயில் பின்காலைச் சுற்றி
எலும்பு கிண்ணம்போல் குழிந்திருந்தது.
சேவுகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எங்க மேடைக்கடியிலயும் நாலு மூலைக்கு நாலு செல்லு.
லாரி ஏறுனா நாலும் அமுங்கணும்.
போன மழைக்கு ஒரு மூலையில சகதி போயி
கல்லா இறுகிப்போச்சு.
அந்த மூலை மட்டும் அசையல.
நெல்லு ஆறு மூட்டை குறைச்சுக் காட்டுச்சு.
மில்லுக்காரரு
என்னையத்தான் திருடன்னாரு."

கொஞ்சம் நிறுத்தி,
"இங்க எது இறுகுச்சு?"

முதல் முறை திருகு தளர்ந்தபோது
சீப்புச்சீடை தின்றீர்களா என்று கேட்டேன்.
இரண்டாம் முறை
தூக்கத்தில் பல்லைக் கடிப்பாரா என்று
அவர் மனைவி பஞ்சவர்ணத்திடம் விசாரித்தேன்.
அந்த அம்மாள் பாவம்
ஒரு வாரம் தூங்காமல் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

"நான்தான் இறுக்கினேன்" என்றேன்.
"சேர்த்துக் கட்டியிருக்கக்கூடாது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வாயைத் திறந்தார்.

வைர முனையில் தண்ணீர் பீய்ச்சி
சொந்தப் பல்லை ஒட்டிப் பாலத்தை அறுத்தேன்.
கோபால்ட் கரிந்த வாடை.
கல்லுக்கட்டி பக்கம் யாரோ ஓயாமல் ஹாரன் அடித்தார்கள்.
விடுபட்ட பல்லின் மேல் விரல் நுனியை வைத்து
கடிக்கச் சொன்னேன்.
இறங்கியது. ஏறியது.
கண்ணுக்குத் தெரியாது,
விரலுக்குத் தெரியும்.

இன்னொன்று என் செலவில் பதிக்கிறேன் என்றதற்கு
"சும்மா வேணாம், பாதி போடுங்க" என்றார்.
சீட்டு எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார்.
படியிறங்கும்போது
கன்னத்துக்குள் நாக்கு துழாவுவது வெளியே தெரிந்தது.

இருட்டியபின் பரக்கத்தைக் கூப்பிட்டேன்.
"பல்லை விட்டுடலாம்.
இந்தத் தடவை திருகோட திருகு மட்டும்."
மறுமுனையில் ஏதோ மோட்டார் ஓடி நின்றது.
மூன்று வருஷத்துக்கு முந்திய போனை
அவரும் நினைத்திருக்கலாம்.

நிறம் மட்டும் கேட்டார்.
பழையதேதான் என்றேன்.