ஐந்தரை அடி

கம்பு சுற்ற ஒரு வட்டம் வேண்டும்.
நெற்றிப்பொட்டு உயரக் கம்பு,
அதோடு என் கை நீளம்,
எல்லாப் பக்கமும்.
விசைப்படகில் அந்த வட்டம் கிடையாது.
ஐஸ் பெட்டி, டீசல் கேன், வின்ச், மடி,
ஆறு பேர், ஆறு பேரின் செருப்பு.
முதல் வருஷம் கம்பைக் கொண்டுபோய்
ஒரே சுற்றில் டிரைவர் அறைக் கண்ணாடியை உடைத்தேன்.
என் பங்கில் நானூற்றைம்பது பிடித்தார்கள்.

அன்றிலிருந்து கம்பு வீட்டுக் கூரைச் செருகலில்.
வாரத்துக்கு மூன்று ராத்திரி கடலில்
காலடி மட்டும் பழகினேன்.
மடி இறக்கி இழுவை ஓடும்போது
மற்றவர்கள் தூங்குவார்கள்.
பின்தளத்தில் எனக்கு நான்கு பலகை.
வலது முன், இடது பின்,
திரும்பு, தாழ்.
கொண்டலில் படகு சாயும்;
சாய்வதற்கு முந்தின கணமே
உள்ளங்காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
தெரியாத ராத்திரிகளில் விழுந்தேன்.
முழங்காலில் செதில் ஒட்டிய காயத்தை
உப்பு தினமும் தொட்டுப் பார்த்தது.

ஒருநாள் நம்புராஜன் விழித்துக்கொண்டான்.
வெறுங்கையால் நான் காற்றை வெட்டுவதைப்
பார்த்துக் கிடந்தான் கொஞ்ச நேரம்.
"பேய்தான் பிடிச்சிருக்கு ஒனக்கு."
பிறகு திரும்பிப் படுத்து,
"அந்தப் பக்கம் போகாத, கணவாய் மை, வழுக்கும்."

அப்புறம் அந்த நான்கு மாதம்.
எல்லை தாண்டினோம் என்றார்கள்.
தாண்டியிருக்கலாம், தண்ணீரில் கோடு தெரிவதில்லை.
அறையில் பதினாலு பேர்.
அங்கே காலுக்கும் இடமில்லை,
மணிக்கட்டு இருந்தது.
சுவரைப் பார்த்து ஒருக்களித்து
இடக்கையைத் திருப்புவேன்
உள்ளே, வெளியே, உள்ளே,
நாளைக்கு ஆயிரம்.
தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து.
எண்ணூறில் தவறியதை யாரும் பார்க்கவில்லைதான்.
நான் பார்த்தேன்.
வீட்டை நினைத்துக் கிடந்தேன் என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
நான் நினைத்தது இடது கட்டைவிரலை,
அது ஏன் ஒரு நொடி பிந்தி மூடுகிறது என்று.

இன்று தடைக்காலம் முதல் நாள்.
படகுகள் கரையேறி
பெயின்ட்டுக்குக் காத்திருக்கின்றன.
மண்டபம் வடக்குக் கடற்கரையில் நீர் வற்றி
இருநூறு அடிக்கு ஈரமணல்.
கிழிந்த நண்டுவலை ஒன்று,
அதன்மேல் ஒரு நாய்.
இரண்டு நாள் ஊறப்போட்டு
வேப்பெண்ணெய் தடவிய கம்போடு வந்தேன்.

சீனிப் பக்கீர் எனக்கு முன்பே வந்துவிட்டான்.
ஐஸ் கம்பெனியில் பார் உடைக்கிறவன்,
வருஷம் முழுக்க அசையாத தரையில் பழகுகிறவன்.
போன தடைக்காலத்தில் அவனுக்கு ஒன்பது தொடுகை,
எனக்கு ஒன்று,
அதுவும் அவன் தும்மியபோது.

சலாம் வைத்து நின்றோம்.
முதல் அடியிலேயே புரிந்தது:
தரை அசையவில்லை.
என் கால்கள் அதை நம்பவில்லை.
வராத அலைக்கு இடது பாதம் தாழ்ந்தது,
சாயாத மணலில் நான் சாய்ந்தேன்.
தோளுக்கு வந்தது அவன் கம்பு.
தோள் அங்கே இல்லை.

அவன் நின்றுவிட்டான்.
"இது எந்த அடிடா?"
"பேரு இல்ல."

மறுபடி வந்தான்.
இந்தத் தடவை, நான் சாய்ந்து முடியும்வரை
ஒரு மூச்சு பொறுத்தான்.
விலாவில் சுள்ளென்று ஒன்று,
அதே இடத்தில் இன்னொன்று.
ஒன்பது வருஷம் எனக்கு ஆனதை
அவன் மூன்றாம் வீச்சில் படித்துவிட்டான்.
சிரிக்கவில்லை. டீக்குப் போனான்.

நான் நின்றேன்.
கம்பு இருக்கிறது, இடம் இருக்கிறது,
அறுபது நாளும் கொஞ்சமும் இருக்கிறது.
அசையாத தரையில் நிற்கத்தான்
இனிமேல் பழகவேண்டும்.
இடக்கை.
எழுபத்துமூன்றில் நழுவிய கம்பு
நாயின் பக்கம் போய் விழுந்தது.
நாய் எழுந்து,
என்னை ஒருமுறை பார்த்து,
இரண்டு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டது.