இம்மி

மூன்று நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
காரணம், ஒரு டக்.

சீட்டைப் பிடித்துத் தூக்கினால் கேட்கும்.
வேர் தாண்டும்போது ஒன்று,
மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் தண்டவாளத்தைக்
குறுக்கே கடக்கையில்
இரண்டு.
பெடலைச் சந்தேகப்பட்டேன். சீட் கம்பியை.
ஹேண்டில்பாரின் கழுத்தைக்கூட.
எல்லாவற்றையும் அவிழ்த்து, துடைத்து, முறுக்கி,
மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஓஷ்பெய் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு
"ஒன்றுமில்லை, சத்தம் உன் காதில்" என்றான்.
காது என்னுடையதுதான்.
அதற்குப் பிறகு அது அவனுக்குத் திறக்கவில்லை.

இன்று ஞாயிறு. மேஷா ஆற்றின் மேல் மழை,
பெட்சா மலையைக் காணோம்,
ஆஸ்திரியாவையும் காணோம்.
கராஜ் சுவரில் இடுப்பளவில்
போன வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு.
எதையும் அதற்கு மேலேதான் மாட்டுகிறோம் இப்போது.
சைக்கிளையும்.

முதலில் ஷாக்கின் காற்றை விட்டேன்.
நீளமான பெருமூச்சு.
அப்புறம் இரண்டு போல்ட்.
கண்ணின் இருபுறமும் இருந்த அலுமினிய ஸ்பேசர்கள்
தொட்டதும் விரலோடு வந்துவிட்டன.
வரக்கூடாது.
நல்ல நிலையில் இருந்தால் அடம்பிடிக்கும்.

உள்ளே புஷ்.
சாம்பல் பூச்சு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து
வெண்கலம் பல்லிளித்தது.

எப்போது வந்து நின்றான், தெரியாது.
கையில் காப்பிக் கோப்பை.
நான் எதுவும் சொல்லவில்லை.
டார்ச்சை மட்டும்
வெண்கலத்தின் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன்.

கோப்பையைக் கீழே வைத்தான்.
"தள்ள?"
"பத்து."
"வாங்கிக்கொள்ள?"
"பதினேழு."
சாக்கெட் பெட்டியைத் துழாவினான்.

சின்ன சாக்கெட், ஷாக்கின் கண், பெரிய சாக்கெட்,
வைஸின் வாய்க்குள் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும்.
பிடிக்க மூன்று கை,
முறுக்க ஒன்று.
மனிதர்களை இரண்டிரண்டு கையோடு செய்தவனுக்கு
இந்த வேலை நினைவில் இருந்திருக்கும்போல.

"கால் சுற்று."
"நிறுத்து. கோணல்."
"எந்தப் பக்கம்?"
"உன் பக்கம்."
சொன்ன பிறகுதான் இருவருக்கும் கேட்டது.

பழைய புஷ் ஒரு முனகலோடு
பதினேழின் மடியில் விழுந்தது.
புதியது நுழைய நேரமெடுத்தது.
அவசரப்பட்டால் உதடு மடியும்,
அப்புறம் இன்னொன்று வாங்க ரவ்னே வரை போகவேண்டும்.
மூச்சைப் பிடித்து முறுக்கினேன்.
அவன் விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

ஓ-ரிங் ஒன்று துள்ளி
வாஷிங் மெஷினுக்கு அடியில் ஓடியது.
ஈர சிமெண்டில் குப்புறப் படுத்தான்.
எழுந்தபோது தாடியில் நூலாம்படை,
சுண்டுவிரலில் ஓ-ரிங்.
நான் சிரிக்கவில்லை.
அதற்குக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது.

பையில் அச்சடித்திருந்தது: இருபத்திரண்டு புள்ளி இரண்டு.
காலிப்பர் சொன்னது: புள்ளி நான்கு.
"நுழையும்" என்றான்.
"நுழையாது."
கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து
ஸ்பேசரால் எட்டுப் போட்டேன்.
பத்து எட்டு, அளவு.
பத்து எட்டு, அளவு.
இம்மி இம்மியாக உதிர்ந்தது வெள்ளிப் பொடி.
இந்தமுறை அவன் காலிப்பரைத் தானே வாங்கி,
வெளிச்சத்தில் பிடித்து,
"இரண்டு" என்றான், ஏதோ ஒப்புக்கொள்வதுபோல.

கிரீஸ் ஒரு விரல்நுனி.
போல்ட்டின் மரையில் நீலப் பசை ஒரு சொட்டு.
டார்க் ரென்ச்சைப் பத்தில் வைத்து இழுத்தேன்.
டக்.
இருவரும் நிமிர்ந்தோம்.
இது வேறு டக்.
இதற்குத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

மூன்று மணிக்கு மழை விட்டது.
ஊசியிலைச் சரிவில் நான் முன்னால், அவன் பின்னால்.
வேர், வேர், கல், தண்டவாளம்.
என் சைக்கிளில் சேறு தெறிக்கும் சத்தம் மட்டும்.
அவ்வளவு அமைதியில் ஓட்டிப் பழக்கமில்லை,
ஒரு திருப்பத்தைத் தவறவிடப் பார்த்தேன்.

அப்போது
பின்னாலிருந்து,
வேர் தாண்டும் இடத்தில்,
டக்.

தண்டவாளத்தில் இரண்டு.

பாலம் வரும்வரை பொறுத்தேன்.
இறங்கி, தண்ணீர் குடித்து,
மூடியைத் திருகி,
"பத்தும் பதினேழும் இன்னும் வைஸிலேயேதான் இருக்கின்றன"
என்றேன்.