குறிப்பிடும்படி ஒன்றுமில்லை

நவம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் துர்க்கு நகரம்.
அறுவை அரங்கின் கடைசிக் குடுவை
அதற்குப் பிறகுதான் வரும்.
ஹில்க்கா சாரெலைனன் அப்போதுதான்
கையுறை மாட்டுவார்.

நான் மெழுகு வெட்டுகிறவள்.
ஒரு தலைமுடியை இருபதாக வகிர்ந்தால் வருமே,
அந்தக் கனத்துக்குக் கட்டியைச் சீவித் தருவது என் பிழைப்பு.
நான் வெட்டுவேன், அவர் பார்ப்பார்.
இருபத்தெட்டு ஆண்டுகள்.

வந்த புதிதில்
ஒருத்தி வயிற்றிலிருந்து வடித்த
நான்கு லிட்டர் வைக்கோல் நிறத் திரவத்தை
உறைபனியில் வழுக்காமல்
இரண்டு கட்டிடம் தாண்டித் தானே சுமந்து வந்தார்.
"இவ்வளவு கனமா!" என்றேன்.
"அவள் இதோடு மாடியேறியிருக்கிறாள்."

அதிலிருந்த உயிரணுக்கள் தட்டில் ஒட்டின,
பெருகின, பதினொன்றாம் நாள் செத்தன.
அடுத்தவளுடையவை ஒன்பதாம் நாள்.
ஆறு ஆண்டில் நூற்றுப் பதின்மூன்று பெண்கள்,
நூற்றுப் பதின்மூன்று வெறும் தட்டுகள்.

நூற்றுப் பதினான்கு நிலைத்தது.

ஏட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது.
நாந்தலியில் சைக்கிள் பழுதுபார்ப்பவள் என்பது மட்டும்
எனக்குத் தெரியும்.
நகக்கண்ணில் கிரீஸ்.
ஒப்புதல் படிவத்தின் ஓரத்தில்
கட்டைவிரல் கறை இன்னும் இருக்கிறது.
"என்னிடம் எடுத்தது பிழைக்குமா?" என்றாள்.
"தெரியாது" என்றார் ஹில்க்கா.
ஏப்ரலில் அவள் போய்விட்டாள்.
அவளுடையவை
மூன்று நாளைக்கொரு முறை இரை கேட்கின்றன.
பண்டிகை, ஞாயிறு எதுவும் அவற்றுக்குத் தெரியாது.
மகளின் கல்யாண விருந்திலிருந்து
பாதியில் எழுந்து வந்திருக்கிறார் ஹில்க்கா,
தலையில் பூவோடு.

நோயின் பெயரிலேயே சினைப்பை இருக்கிறதே,
அங்கேதான் தேடினோம்.
மேற்பரப்பு, மடிப்பு, நீர்க்கட்டி
என்று வெட்டி வெட்டி என் கத்தி மழுங்கியது.
பரவியது கிடைத்தது, முற்றியது கிடைத்தது.
முதல் பொறி மட்டும் எங்கும் இல்லை.

ஒரு கோடையில் வேறொரு நாட்டிலிருந்து
ஒரு கட்டுரை வந்தது.
சினைக்குழாயின் கடைசியில்
விரல் விரலாய்ப் பிரிந்து சினைப்பையை வருடும்
அந்த நுனிகளைப் பாருங்கள்,
பல சமயம் அங்கேதான் தொடங்குகிறது என்றது.

இரண்டு முறை படித்தார்.
காபியை மறந்துவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனார்.
பழைய அறிக்கைகள், அவர் கையெழுத்திலேயே:
சினைக்குழாய் — குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.
சினைக்குழாய் — குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.
உண்மையில் நாங்கள்
நடுவில் ஒரு வளையம் மட்டும் வெட்டிப் பார்ப்போம்.
நுனிகள் மெழுகிலேயே கிடந்தன.
ஒதுக்கி வைத்தது என் கை.

"வெட்டு" என்றார்.
நீளவாக்கில் வெட்டினேன், வாரக்கணக்கில்.
பலவற்றில் ஒன்றுமில்லை.
சிலவற்றில் இருந்தது.
நூற்றுப் பதினான்கில் இருந்தது:
கடுகில் கால்வாசி,
வரிசை குலைந்து நெருக்கியடித்து நிற்கும் கருத்த உட்கருக்கள்.
நுண்நோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே
"எத்தனை வருஷம்?" என்றார்.
நான் எண்ணிச் சொல்லவில்லை.

அப்புறம் உட்கார்ந்து
தன் ஒன்பது கட்டுரைகளையும் பட்டியலிட்டு
எங்கே பார்க்காமல் விட்டேன் என்று எழுதினார்.
யாரும் கேட்காததை ஏன் சொல்கிறீர்கள்
என்றார் துறைத் தலைவர் லாவ்ரி.
அதற்குப் பதில் சொல்லாமல் அஞ்சல் தலை ஒட்டினார்.
இதழின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு பத்தியாக வந்தது.

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில்
அந்த வாக்கியத்துக்குத் தடை.
வெட்டவில்லையா, வெட்டவில்லை என்று எழுது.
இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள்
அந்த நுனிகளோடு மல்லுக்கட்டினார்.
மருந்து கண்டுபிடித்தாரா என்று கேட்கிறார்கள்.
இல்லை.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டி அனுப்பிவைத்தோம்.
இன்று சனி, இரை போடும் நாள்.
ஆற்றோரம் பனியில் மெதுவாக மிதிக்கிறேன்.
சங்கிலி கிறீச்சிடுகிறது.
எண்ணெய் விட வேண்டும்.