அரைப்பேர்

கட்டுரையின் இருபத்திரண்டாம் பக்கத்தில்
என் பிழை அப்படியே இருந்தது.
ஆறாம் நம்பர் மலையை
அவசரத்தில் ஒன்பது என்று அடித்திருந்தேன்.
அந்தத் தோட்டத்தில் ஒன்பதாம் நம்பர் மலையே கிடையாது,
எட்டோடு தேயிலை முடிந்து காடு தொடங்கிவிடும்.
கலாநிதி நேசராஜா அந்தக் காட்டில்
முப்பது பெண்களைக் கொழுந்தெடுக்க விட்டிருந்தார்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
போட்டோகொப்பிக் கடையில் நின்றபடி வாசித்தேன்.
நான்காம் பகுதி முழுக்க என்னுடையது:
அட்டவணை, அதன் அடியில் நட்சத்திரக் குறி,
"எனினும்" என்று வாக்கியம் தொடங்கும் என் கெட்ட பழக்கம்.
கடைசியில், நன்றிக்குரியோர் வரிசையில்,
நூலகருக்கும் வேன் ஓட்டியவருக்கும் பிறகு
செல்வி யோகமாலா.
நான் யோகமலர்.

முதலாம் ஆண்டில்
எழுத்துத் திருட்டுப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்.
மென்பொருள் பதினைந்து சதவீதம் காட்டினால்
அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசுவார்.
அவர் கட்டுரைக்கு அது மூன்று சதவீதம் காட்டியிருக்கும்.
என் ஆய்வேடு எந்தக் கணினியிலும் ஏறவில்லை,
திருத்தத்துக்கென்று அவர் அலுமாரியில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பேர் என்றால் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்,
குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர்.
தண்ணிக்கு, சாக்குக்கு என்று தராசடியில் கழித்து
முழுப்பேரை அரையாக்குகிற வித்தையும் உண்டு.
பதினான்கு மாதம், காலில் சோப்புத் தேய்த்து
அட்டைக்குத் தப்பி அலைந்து
நான் ஆராய்ந்ததே இதைத்தான்.

முறைப்பாட்டுக் கடிதம் அன்றிரவே எழுதினேன்.
சான்று ஒன்று: இல்லாத மலை.
சான்று இரண்டு: முடிவுரையில் வருகிற,
இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்தக் கேள்வி:
"அரைப்பெயர் வழங்கப்படுமாயின்
எஞ்சிய பாதி யாரைச் சென்றடைகிறது?"
இது என் வரி, என்று எழுதினேன்.
பேனா அங்கேயே நின்றுவிட்டது.

பழைய போனில் ஒலிப்பதிவு இன்னும் இருக்கிறது.
பதினேழாம் நபர். பெண். வயது நாற்பத்தொன்று. மேல்பிரிவு.
தகரத்தில் மழை. பின்னால் யாரோ ரொட்டி தட்டுகிறார்கள்.
"அரைப்பேரு போடுறாங்களே,
மிச்ச அரைப்பேரு யாரு வீட்டுக்குப் போகுது?"
சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள்.
நான் "ம்" என்கிறேன்.
அந்த "ம்" என்னுடையது.

பெயர் வெளியில் வராது என்று
சம்மதப் படிவத்தில் நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.
அவளைக் காக்கத்தான், பொய்யில்லை.
ஆனால் மேற்கோள் குறியைக் கழற்றிவிட்டு
அவள் பேச்சுக்கு இஸ்திரி போட்டு
என் கண்டுபிடிப்பாக மடித்து வைத்தேனே,
அது யாரைக் காக்க?

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
லயத்துக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.
கட்டுரையை வாசித்துக் காட்டச் சொன்னாள்.
அந்த வரி வந்தது. போனது. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
"நல்லாத்தான் கேட்டிருக்காரு சார்" என்றாள்.

சொன்னேன், முழுவதும்.
கோடாரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள்.
"உங்க பேரைப் போடட்டுமா?"
"ஐயோ, கணக்கப்பிள்ளைக்குத் தெரிஞ்சா
நாளைக்கு மலையிலே எனக்கு எடமிருக்காது."
சிராய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"ஒங்க பேரும் வேணாம்."

பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்தினேன்.
முதல் சான்று அப்படியே நிற்கட்டும்.
அந்த மலை என் பிழை,
அதற்கு உரிமை கோர எனக்குக் கூச்சமில்லை.
இரண்டாவதில் "என் வரி" என்பதை வெட்டிவிட்டு
"முதலில் நான் எடுத்தேன், பிறகு
என்னிடமிருந்து அவர் எடுத்தார்" என்று எழுதினேன்.
வளைவுகளில் எழுத்து கோணிப்போயிருக்கிறது.

இன்னும் அனுப்பவில்லை.
கீழே பேர் போட வேண்டும்.