கல்லின் படம்

தர்மபுரிக்கு எஸ்டிடி போட்டால்தான்
கிருஷ்ணகிரிக்கு இண்டர்நெட் வரும்.
ராத்திரி எட்டரைக்கு மேல் காசு பாதி.
என் வேலையும் அப்போதுதான் தொடங்கும்,
லண்டன்பேட்டையில், கவுஸ் பாய் வீட்டுக் கீழ்த்தளத்தில்.

குவாரியில் வெட்டிய கறுப்புப் பாளத்தை
ஸ்டுடியோக்காரர் படமெடுத்து, கழுவித் தருவார்.
நான் ஸ்கேனரில் குப்புறப் படுக்க வைப்பேன்.
வாங்குகிறவர்கள் நெதர்லாந்தில் இருந்தார்கள்.
கல்லறைக்குக் கேட்கிறோம், கருமை பிசகக் கூடாது,
குறுக்கே ஒரு வெள்ளை நரம்பு ஓடினாலும் வேண்டாம் என்பார்கள்.
இருபது டன் பாளம் லாரியேறி
ஒரே ராத்திரியில் சென்னைத் துறைமுகம் போய்விடும்.
அதன் படம்தான் போகாது.

மோடம் முதலில் எண்களைக் கடகடவென்று ஒப்பிக்கும்.
பிறகு கொஞ்சம் யோசிக்கும்.
தகரத்தை ஆணியால் இழுத்த மாதிரி ஒரு கத்தல்,
அதற்கு எதிர்முனையிலிருந்து ஒரு கத்தல்,
டொய்ங் டொய்ங் என்று இரண்டு,
அப்புறம் ஓட்டின் மேல் ஆலங்கட்டி,
சட்டென்று அமைதி.
பெரிய ஆபீசர் உள்ளே வந்த மாதிரி
அந்த அமைதிக்கு எழுந்து நின்றிருக்கிறேன்.

படம் போகும்போது வேறெதையும் தொட மாட்டேன்.
மவுஸை அசைக்கக்கூட பயம்.
வேர்க்கடலையைச் சத்தமில்லாமல் உரித்துக்கொண்டு
நீலக்கோட்டையே பார்த்திருப்பேன்.
மாங்காய் லாரிகள் போகும், சந்துக்குள் வாசனை நிற்கும்.
வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி மேல் தூங்கி வழியும் தம்பி
"இன்னுமா?" என்பான்.
ஐரோப்பாவோடு பேசிக்கிட்டிருக்கேன்டா என்பேன்.
"என்ன சொல்லுச்சு?"
முப்பத்தெட்டு சதவீதம்.

மாடியில் இன்னொரு போன். லைன் ஒன்றுதான்.
மெஹருன்னிசா அம்மாவுக்கு
வாணியம்பாடித் தங்கை ஞாபகம் வரும்போதெல்லாம்
என் கோடு எழுபதில் செத்துப்போகும்.
மறுபடி முதலிலிருந்து.
படியில் நின்று ஒருநாள் கேட்டார்:
"ஏம்மா நாகவேணி, எடுத்தா உள்ள யாரோ
சண்டை போட்டுக்குறாங்களே, யாரு ஜெயிக்கிறது?"

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை,
படம் ஐம்பத்திரண்டு நிமிடம் போனது.
ஒருமுறைகூட அறுபடவில்லை.
மாடியில் யாரும் போனைத் தொடவில்லை.
நூறு வந்ததும் தனியாகவே கைதட்டினேன்.
மவுஸ்பேடில் தேதியைக்கூட எழுதி வைத்தேன்.

மறுநாள் ஷட்டர் இறங்கியிருந்தது.
தங்கை மகன் பூத்தில் நின்று
ஒன்பதரை வரைக்கும் போட்டுப் பார்த்தானாம்.
என்கேஜ்டு. என்கேஜ்டு.
கடைசி பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டியபோது மணி பன்னிரண்டு.
எட்டே முக்கால் வாக்கில்
பேச்சு இருந்ததாம் அவருக்கு.
அக்காவைக் கேட்டாராம்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
சம்பளம் ஒன்றாம் தேதியே வந்தது.
நெதர்லாந்துக்காரருக்குக் கல் பிடித்துவிட்டது.
அதற்கப்புறம் எட்டரை ஆனால்
மெஹருன்னிசா அம்மா படியில் வந்து உட்காருவார்.
என் கை சுவிட்சின் மேலேயே நிற்கும்.
"போடும்மா, போடு," என்பார்,
"எனக்கு எங்கயும் பேச வேண்டியதில்ல."

இரண்டாவது லைன் பொங்கலுக்கு வந்தது.

இப்போது ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிறோம்.
குளியலறை வரைக்கும் போன் கூடவே வருகிறது.
முந்தாநாள் மகள் கேட்டாள்,
அப்பல்லாம் இண்டர்நெட் கத்துமாமே, கத்திக் காட்டு.
வாயாலேயே போட்டேன்:
எண்கள், ஆணி, டொய்ங் டொய்ங், ஆலங்கட்டி.
கட்டிலில் உருண்டு சிரித்தாள். இன்னொரு தடவை என்றாள்.
இன்னொரு தடவையும் போட்டு
அமைதி வருகிற இடத்தில் நிறுத்தினேன்.
"அப்புறம்?"
அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு
நம்மை யாரும் கூப்பிட முடியாது.
"ஐயோ, ஜாலி" என்றாள்.

ஆமாம் என்றுதான் சொன்னேன்.